ஒரு ஜவான்

வரிசையாகச் சொல்கிறேன், கேளுங்கள் ஐயா. வரிசை மாறக்கூடாது. வரிசை மாறினால் அநியாயம் வெறும் புலம்பலாகிவிடும்.

முதல் அநியாயம் எழுபத்தொன்றாம் வருடத்துப் போர் முடிந்ததும் நடந்தது. எங்கள் ராணுவக் கம்பெனிக்குத் தலைமை வகித்த கேப்டன் ஆளவந்தாருக்கு வீர சக்கரம் அறிவித்தார்கள். தொடையில் குண்டு பாய்ந்த நிலையிலும், ஒரு ஜவானின் உதவியுடன், எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை அழித்தார் என்று காரணம் எழுதினார்கள். ஒரு ஜவான். பெற்றவர்கள் அந்த ஜவானுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். லான்ஸ் நாயக் இருசப்பன். இதே ஊர். கேப்டனும் இதே ஊர். நானும் இதே ஊர்.

இரண்டாவது, மெடல் குத்திய விழா. கேப்டன் வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா வரைக்கும் டெல்லிக்கு ரயில் ஏறினார்கள். இருசப்பனின் மனைவி பூங்காவனத்துக்கு ஒரு வார்த்தை தகவல் இல்லை. அன்றைக்கு அவள் யாருடைய நிலத்திலோ களை பறித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது, பெரிய தெருவின் பெயரை மாற்றி ஆளவந்தார் தெரு என்று பலகை வைத்தார்கள். காலனியில் இருசப்பன் பிறந்த சந்துக்கு இன்றுவரை பெயரே கிடையாது. தபால்காரர் 'பம்புக்கு எதிர்ச் சந்து' என்பார்.

நான்காவது, பள்ளிக்கூடத்து நூற்றாண்டு மலர். அதற்குள் அவர் பிரிகேடியர். கம்பெனியோடு எடுத்த பழைய படத்தை வெட்டி, அவரை மட்டும் போட்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் நின்றவன் இருசப்பன். மலரில் அவனுடைய ஒரு காதும் தோள்பட்டையும் மட்டும் மிச்சம்.

ஐந்தாவது, லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது நடந்த பாராட்டு விழா. நெடுநேரம் பேசினார். கணக்கு வாத்தியாரைச் சொன்னார், நீச்சல் பழகிய கிணற்றைச் சொன்னார், பனிமலையில் அவரோடு இருந்த நாயைக்கூடச் சொன்னார். நாய்க்குப் பெயர் இருந்தது.

ஆறாவது, இன்றைக்கு. பேருந்து நிலையத்தில் வெற்றித் தூண் திறக்கிறார்கள். அவர் பெயர் தங்க எழுத்தில். கருப்புக் கொடி காட்டப் போன எங்களை வேனில் ஏற்றி இந்தக் கல்யாண மண்டபத்தில் அடைத்திருக்கிறார்கள்.

ஏழாவது நீங்கள். டீக்கடையில் என் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற பாவத்துக்கு உங்களையும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் அது சின்ன அநியாயம். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். எனக்குப் பழக்கம். இந்த ஊரில் போராடுகிறவனுக்கு ஜெயில் கிடையாது, கல்யாண மண்டபம்தான். என் கல்யாணம் கோயிலில் நடந்தது. இந்த மண்டபத்துக்கு நான் வந்ததெல்லாம் கைதாகித்தான்.

எப்போதும் கீழே பெரிய கூடத்தில் உட்கார வைப்பார்கள். இன்றைக்குக் கீழே ஜெனரலின் விழாச் சாப்பாடு. ஊருக்கு இருப்பது ஒரே மண்டபம், இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? அதனால்தான் நமக்கு மாடியில் மணமகள் அறை. அந்தக் கண்ணாடியைப் பாருங்கள், எத்தனை ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. உட்கார்ந்த பெண்ணெல்லாம் ஒன்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நீங்கள் அந்த ஸ்டூலில் உட்காருங்கள். நான் நிற்பேன். கதவைத் தட்டாதீர்கள், வெளியில் இருக்கிற பெண் காவலர் வெளியூர், பந்தோபஸ்துக்கு வந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது.

என் சங்கத்து ஆட்களா? எல்லோரும் முன்னாள் ராணுவத்தினர், ஒரு காலத்தில் புலியாகப் பாய்ந்தவர்கள். பிரியாணி வாசனை மாடிப்படி ஏறியதும், கோஷம் போட மாட்டோம் என்று இன்ஸ்பெக்டர் ஜோதிலிங்கத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார். "மாசிலாமணி ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க, கலாட்டா பண்ண மாட்டேன்னு. சூடா சாப்பிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டேன். நாற்பது வருடமாக மாசிலாமணி அப்படிப்பட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்களை விடாததற்குக் காரணம் வேறு. நீங்கள் யார் என்று விசாரித்து முடியவில்லையாம்.

நான் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். மீதியெல்லாம் துண்டறிக்கை. ராணுவத்திலிருந்து வந்து தோல் பதனிடும் ஷெட்டில் காவலுக்குச் சேர்ந்தேன். அங்கே தொழிற்சங்கத்தார் கொடுத்த நோட்டீஸ் ஒவ்வொன்றையும் படித்துப் படித்துத்தான் எனக்குத் தமிழ் வந்தது. 'சிந்திப்பீர், செயல்படுவீர்' என்று முடிக்கத் தெரிந்தது. பிறகு நானே எழுதினேன். ஜெனரலைப் பற்றி நான் போட்ட நோட்டீஸ்களை அடுக்கினால் இந்தக் கட்டில் உயரம் வரும்.

அவரைப் பற்றி என்னை விடத் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது. விழாக் குழுவில் வாழ்த்துப்பா எழுதியவன்கூட என்னிடம்தான் ஆள் அனுப்பிக் கேட்டான், எந்த வருடம் எங்கே இருந்தார் என்று. சொன்னேன். எதிரியைப் பற்றித் தப்பாக எழுதினால் எனக்குத்தானே கேவலம்? தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் பிள்ளை. ஆறடிக்கு மேல் உயரம். பயிற்சியில் அவர் பிரிவில் முதலாவதாக வந்தார். கேப்டனாக இருந்தபோது பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். எங்கள் தட்டில் போட்டது போதாது என்றால் தன் தட்டைத் தள்ளுவார். பின்னாளில் பனிமலையில் ஒரு குளிர்காலம் முழுக்க, ஜவான்களுடைய கூடாரத்துக்கு எண்ணெய் அடுப்பு வந்து சேர்ந்த பிறகுதான் தன் கூடாரத்தில் பற்றவைத்தார். கை விரல் நுனி ஒன்று அதில்தான் போனது. இப்போதும் பாருங்கள், டம்ளரைப் பிடிக்கும்போது தெரியும். லஞ்சம் என்று ஒரு காசு வாங்கியதில்லை. கட்டிய வீடுகூட இன்னும் பாதி பூச்சு இல்லாமல்தான் நிற்கிறது.

என்ன சிரிக்கிறீர்கள்? நான் அவரைப் புகழவில்லை. விவரம் சொல்கிறேன்.

புகழ வேண்டுமென்றால் ஒன்றுதான் சொல்வேன், அதுவும் பழைய கதை. ரோல் கால். மாலையில் கம்பெனி வரிசையில் நிற்கும். பெயர் பெயராகக் கூப்பிடுவார்கள், அவனவன் 'ஹாஜர்' என்று பதில் கொடுக்க வேண்டும். அது ஹவில்தார் வேலை. ஆனால் எங்கள் கேப்டன் அவரே கூப்பிடுவார். கையில் தாள் இருக்கும், தாளைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார். வெளிமாநிலத்துப் பையன்கள் பெயரைக்கூட அவர்கள் அம்மா கூப்பிடுவது போலச் சொல்வார். அதில் இருசப்பன் பெயர் வரும்போது மட்டும் குரல் லேசாக மாறும், நம் ஊர் வாடை வந்துவிடும். அவனும் கொஞ்சம் சத்தமாகவே 'ஹாஜர்' என்பான்.

போருக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாரே, அன்றைக்கு மாலை வரிசையில் நின்றோம். அவர் வந்தார். தாளை வாங்கினார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீ கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ரோல் கால் எடுக்கவே இல்லை. பட்டாலியனிலும் இல்லை, பிரிகேடிலும் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மெடல் வந்ததும் ஜவான் பெயரைச் சொல்ல வாய் வலித்துவிட்டது. இதை ஒரு நோட்டீஸில் முழுப் பக்கத்துக்கு எழுதினேன். நல்ல பெயர் கிடைத்தது அந்த நோட்டீஸுக்கு.

அன்றைக்கு ஏன் என்னிடம் கொடுத்தார் என்றா கேட்கிறீர்கள்? நான் அப்போது ஹவில்தார். போர் முடிந்த அடுத்த மாதம் பதவி உயர்வு வந்தது. சீனியாரிட்டிப்படி வந்தது. அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பூங்காவனம் கீழேதான் இருக்கிறாள். இந்த ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன், வேனில் வந்து இறங்கினாள். ஜெனரலே ஆள் அனுப்பி வரவழைத்தாராம். சால்வை போர்த்தப் போகிறார்களாம். இத்தனை வருடம் கழித்துச் சால்வை. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அவளுக்கு. வேண்டாம், போகாதே, இது உன்னை வைத்து ஆடுகிற நாடகம் என்று நேற்றே போய்ச் சொன்னேன். நான் சாதி பார்க்காதவன் ஐயா. எல்லாச் சனிக்கிழமையும் காலனிக்குப் போவேன், அவள் வீட்டு வாசலில் நின்றே எல்லா விஷயமும் பேசிவிட்டு வருவேன். உள்ளே போய் உட்கார எனக்கு நேரம் ஏது?

நேற்று அவள் கேட்டாள், "போனா இன்னாண்ணா?" என்று.

இருசப்பன் பெயர் தூணில் இல்லாதபோது நீ எப்படி மேடை ஏறலாம் என்றேன். என் உயிர் இருக்கும்வரை அவன் பெயரை இந்த ஊரில் சொல்லிக்கொண்டே இருப்பேன் என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்கோ சொல்லிக்கினேதான் கீறீங்கோ. கல்யாணத்துல சொல்றீங்கோ, சாவுல சொல்றீங்கோ, பஸ்ல சொல்றீங்கோ. அன்னைக்கு அங்கே ஒரு தபா சொல்லியிருந்தா போதும்ணா" என்றாள்.

பெண்களுக்குப் போராட்டத்தின் வரலாறு புரியாது. அன்றைக்கு அங்கே என்ன சூழ்நிலை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அப்படிச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் சவரம் செய்யும்போது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

என்ன சூழ்நிலை என்கிறீர்களா? சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு கால்வாய். அதன் கரைமேல் அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கி. மதிய வெயில். நாணல் வழியாக ஊர்ந்து போனோம். கேப்டன் முன்னால், அவருக்குப் பின்னால் இருசப்பன், அவனுக்குப் பின்னால் நான். கேப்டன் தொடையில் பட்டது. ரத்தம் குழாய் திறந்த மாதிரி. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே மயங்கிவிட்டார். நான் ஒரு செத்த எருமைக்குப் பின்னால் படுத்திருந்தேன். இருசப்பன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் தொடையைக் கட்டினான். பிறகு அவர் இடுப்பிலிருந்த கையெறி குண்டுகளை எடுத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். வா என்று கூப்பிடவில்லை, சும்மாதான் பார்த்தான். ஊர்ந்து போனான். கரைமேல் ஏறி நின்று போட்டான். நின்று போட்டான் ஐயா, படுத்துக்கொண்டு எட்டாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. துப்பாக்கி ஓய்ந்தது. அவனும் கரைமேலேயே விழுந்தான்.

வேறு யாரும் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான்.

சாயங்காலம் கர்னல் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூங்கிப் பல நாள் ஆன முகம். கேப்டனை ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள், நினைவு இல்லை. கர்னல் கரையைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேப்டன் சாப்தானே துப்பாக்கியை அழித்தார்?" என்று கேட்டார். கர்னல் கேட்கிற கேள்வியிலேயே பதிலும் இருக்கும். நான் அப்போது நாயக், நாயக்குக்கு 'ஆமாம் சார்' என்பதைத் தவிர வேறு சொல் கொடுக்கப்படவில்லை. ஆமாம் சார் என்றேன். "கூட யார்?" என்றார். "ஒரு ஜவான் சார்" என்றேன். பெயர் கேட்கவில்லை அவர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதுதான் அதிகார வர்க்கத்தின் மனோபாவம், பெயர் கேட்காது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

போன மாதம் ஜெனரலை நேரில் பார்த்தேன். கடைசியாக ஒரு முறை நியாயம் கேட்டுவிட்டுப் பிறகு போராட்டம் அறிவிப்பதுதான் முறை. பூச்சில்லாத அந்த வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தார். குண்டு பட்ட கால் இப்போது முழுக்கப் போய்விட்டது. என்னைப் பார்த்ததும், "மாசிலாமணி, சாப்ட்டியாப்பா?" என்றார். தூணில் இருசப்பன் பெயர் வர வேண்டும், துப்பாக்கியை அழித்தது அவன் என்று வர வேண்டும் என்றேன்.

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார், "அந்தக் குண்ட நான் போட்டேனா இல்லியான்னு எனக்கே தெரியாதுப்பா. முழிச்சப்ப ஆஸ்பத்திரியில இருந்தேன். நான் போட்டத நீ பாத்ததா அவங்க சொன்னாங்க. நீ சொன்ன, நான் நம்புனேன். நம்பாம எத்தன ராத்திரி படுத்திருக்கேன் தெரியுமா?"

பார்த்தீர்களா? லெப்டினன்ட் ஜெனரல் தன் தவறை ஒரு நாயக்கின் தலையில் இறக்கிவைக்கிறார்.

அதோடு விடவில்லை. "நீ இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லு, நான் இந்த மெடல அவன் பொண்டாட்டி கையில குடுத்துடறேன். ஆனா நீ பாத்தத நீ சொல்லணும். உன் நோட்டீஸ்ல என்னைத் திட்டி எழுதியிருக்க, நீ இன்னா பாத்தேன்னு ஒரு வரி எழுதல" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பேரம் பேசுகிறவர்களிடம் நான் உட்காருவதில்லை. அன்றைக்கு இரவே கருப்புக் கொடி அறிவித்து நோட்டீஸ் அடித்தேன். நான் பார்த்ததை எழுத வேண்டுமாம். அது இயக்கத்தின் பிரச்சினையா, மாசிலாமணியின் பிரச்சினையா? தனி மனிதனை முன்னிறுத்தக்கூடாது என்பது எங்கள் கொள்கை.

ஆனால் நான் சும்மா இல்லை. இன்றைக்கு ஒன்று செய்திருக்கிறேன். கிட்ட வாருங்கள், அந்தப் பெண் காவலர் காதில் விழ வேண்டாம். வேனில் ஏறியதும் அவர்தான் பெயர் எழுதினார். என்னைத் தெரியாது அவருக்கு. "பேரு?" என்றார். "லான்ஸ் நாயக் இருசப்பன்" என்றேன். எழுதிக்கொண்டார். விடுதலை செய்யும்போது கிராம நிர்வாக அலுவலரையும் இன்னும் இரண்டு பெரிய மனிதர்களையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். படித்தால்தான் விடுவார்கள். கீழே ஊரே உட்கார்ந்திருக்கிறது, மைக் செட் இருக்கிறது, அவரும் இருக்கிறார். அவர் சொல்லாத பெயரை அரசாங்கத்தின் வாயால் அவர் காதில் விழ வைப்பேன். இதற்கு ஈடாக ஒரு நோட்டீஸ் எழுத முடியுமா?

கேட்கிறதா? மைக்கைத் தட்டுகிறார்கள். அது ஜோதிலிங்கம் குரல். பெயர் கூப்பிடப்படுகிறவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்கிறார். கதவும் திறந்துவிட்டது. நன்றி அம்மா. வாருங்கள் ஐயா, இந்தப் படி முனையில் நின்றால் கூடம் முழுக்கத் தெரியும்.

அதோ முன் வரிசையில் சக்கர நாற்காலி. அவர்தான். பக்கத்தில் பூங்காவனம். சால்வையை மடித்து மடியில் வைத்திருக்கிறாள், போட்டுக்கொள்ளவில்லை, பார்த்தீர்களா?

என்ன செய்கிறார்? இன்ஸ்பெக்டரைக் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். தாளைக் கேட்கிறார். இன்ஸ்பெக்டர் குனிந்து ஏதோ சொல்கிறார். இல்லை, கொடுத்துவிட்டார். மைக்கையும் கொடுக்கிறார்கள்.

"நம்ம பசங்கதான? நானே கூப்பிடறேன்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

படிக்கிறார். கஜபதி. அதோ கஜபதி வாயில் பிரியாணியோடு எழுந்து 'ஹாஜர்' என்கிறான், மானம் கெட்டவன். தணிகாசலம். ஹாஜர். பச்சையப்பன். ஹாஜர். பாருங்கள், தாளைப் பார்த்துவிட்டு முகத்தைத் தேடுகிறார், முகம் கிடைத்த பிறகுதான் பெயர் சொல்கிறார். குரல் நடுங்குகிறது, ஆனால் அதே குரல். அப்படியேதான் இருக்கிறது. எனக்கு முதுகு தானாக நிமிர்கிறது ஐயா, இது பழக்க தோஷம்.

நிறுத்திவிட்டார்.

தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போகிறார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வருகிறார், கையால் தடுக்கிறார். தலையை நிமிர்த்துகிறார். கூடத்தில் ஒரு முகத்தைத் தேடுகிறார். இப்போது மேலே பார்க்கிறார். என்னைத்தான்.

சொல்லிவிட்டார். கேட்டீர்களா? மைக்கில் சொல்லிவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் சாட்சி, ஊர் சாட்சி, நீங்கள் சாட்சி. ஜெயித்துவிட்டேன் ஐயா. இத்தனை வருடத்துக்கும் பலன் இதுதான்.

ஏன் எல்லோரும் இப்படி அமைதியாக இருக்கிறார்கள்? ஓ. பதில் வர வேண்டும். பெயர் கூப்பிட்டால் ஒருத்தன் பதில் கொடுக்க வேண்டும். அவர் காத்திருக்கிறார். தாளைக் கீழே வைக்கவில்லை. பூங்காவனம் எழுந்து நிற்கிறாள். அவளும் மேலேதான் பார்க்கிறாள்.

நான் ஹாஜர் என்று சொல்லலாம். சொன்னால் நான் அவன் என்றாகிவிடும். அவன் இல்லை, நான் மாசிலாமணி என்று சொல்லலாம். சொன்னால், அப்புறம் அவன் எங்கே என்று கேட்பார். அவன் எங்கே என்று எனக்குத்தான் தெரியும். நான் ஒருவன்தான் பார்த்தேன்.

என் கையை விடாதீர்கள் ஐயா, படி வழுக்குகிறது. கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

மறுபடியும் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டு போகிறார். அந்த நம் ஊர் வாடை, கேளுங்கள், அப்படியே இருக்கிறது:

"லான்ஸ் நாயக் இருசப்பன்."